26 கறிக்குத் தேங்காய் துருவுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். ஓணம் நெருங்குகிற நேரத்தில் திருநாள் சமையலில் புதுமை பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். புதுமை என்றதும் நூடுல்ஸ் அவியல், சீஸ் போளி என்று எதையாவது சொல்வேன் என்று காத்திருப்பவர்கள் இப்போதே வேறு நிலையத்துக்குப் போய்விடலாம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் பாறசாலைக்கு அந்தப் பக்கமும் சந்தையில் கிடைக்கிற பொருள்களைத் தாண்டி நான் எங்கும் போகப்போவதில்லை.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காக இங்கே யாரும் ஓணத்துக்கு இலை போடுவதை நிறுத்திவிடவில்லை. வீட்டில் தமிழ் பேசினாலும் மலையாளம் பேசினாலும் அன்று பருப்பும் பப்படமும், அவியலும் ஓலனும், எரிசேரியும் காளனும், பொரியல் போன்ற துவரனும் தயிர்க் கிச்சடியும், இஞ்சிக்கறியும் பிரதமன் என்கிற பாயசமும் உண்டு. முழுமையான சத்யை என்னும் இலைவிருந்துக்கு 26 கூட்டம், அதாவது 26 வகைக் கறி, வேண்டும் என்று பெருமையாகச் சொல்வார்கள். சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களில் எத்தனை பேர் துருவலகில் உட்கார்ந்து ஒரு முறி தேங்காய் துருவியிருப்பார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நான்கைந்து பெண்கள் சேர்ந்து நின்ற அடுக்களையில் உருவான பட்டியல் இது. இன்று அங்கே நிற்பது ஒருவர், மிஞ்சினால் இருவர். அதனால்தான் பலரும் பார்சல் சத்யை வாங்கிவிடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் மூடிய டப்பாவுக்குள் மூன்று மணி நேரம் வெந்து வியர்த்த அவியலை நான் அவியல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 26 கறிகளை வெளியிலிருந்து வாங்குவதைவிட, பத்துக் கறிகளை வீட்டில் யோசித்துச் செய்யலாம் என்பதுதான் என் கட்சி.

யோசிப்பதற்கு முன் இலையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கறிகளின் பெயர்களை மறந்துவிட்டு, ஒவ்வொன்றும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஓலன் சாதுவானது, காரத்துக்கு நடுவே நாக்குக்கு ஓய்வு கொடுக்கிறது. இஞ்சிக்கறி புளிப்பும் உறைப்பும் இனிப்புமாக நாக்கை உசுப்புகிறது. காளன் கெட்டியான மோர்ப்புளிப்பு. எரிசேரி மெல்லிய இனிப்போடு மாவாகக் கரைகிறது. நேந்திரங்காய் வறுவலான உப்பேரியும் பப்படமும் மொறுமொறுப்புக்கு. இந்த வேலைகளை யாராவது செய்தால் போதும். இன்னார்தான் செய்ய வேண்டும் என்று இல்லை.

பரம்பரைப் பட்டியலில் கை வைக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. எரிசேரியில் போடும் மத்தன் என்கிற மஞ்சள் பூசணி, பச்சடியாகும் அன்னாசி, எல்லாவற்றிலும் விழும் மிளகாய், இவை மூன்றுமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர்கள் கடல்வழி கண்ட பிறகு நம் இலைக்கு வந்தவை. அதற்கு முன் நம் காரம் குறுமிளகுதான். ஏதோ ஒரு தலைமுறையில் ஏதோ ஒரு பாட்டி முதன்முதலாக மத்தனை எரிசேரியில் போட்டபோது, அவருடைய மாமியார் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நம் சமையலில் வேலையைக் கூட்டுவது தேங்காய்தான். அவியலுக்கு ஒன்றிரண்டாக அரைக்க வேண்டும். ஓலனுக்கும் பிரதமனுக்கும் பால் பிழிய வேண்டும். எரிசேரிக்கு அரைத்ததும் வேண்டும், மேலே தூவச் சிவக்க வறுத்ததும் வேண்டும். தீயல் குழம்புக்கோ கருகாமல் வறுத்து மையாக அரைக்க வேண்டும். போதாக்குறைக்கு ஆவணி மாதப் புழுக்கத்தில் பச்சைத் தேங்காயும் தயிரும் சேர்ந்தவை மாலைக்குள் புளித்துப்போகும். ஆகவே என் முதல் யோசனை: ஓர் இலையில் அரைத்த தேங்காய் இரண்டு கறிகளுக்கு மேல் வேண்டாம். அவியல் ஒன்று, எரிசேரி ஒன்று, அவ்வளவுதான். கிச்சடிக்குத் தேங்காய் அரைப்பதற்குப் பதிலாக, பாகற்காயை மெல்லிசாக அரிந்து மொறுமொறுவென்று வறுத்து, பரிமாறும் நேரத்தில் உப்புப் போட்ட தயிரில் கலந்து கடுகு தாளித்தால் போதும். கசப்பும் வந்தது, மொறுமொறுப்பும் வந்தது. இஞ்சிக்கறியையும் நாரத்தங்காயையும் ஒரு வாரம் முன்பே செய்து வைக்கலாம். அவை காத்திருக்கக் காத்திருக்க ருசிக்கும். திருவோணத்துக்கு முந்தைய நாளான உத்திராடத்தன்று ஓடுகிற ஓட்டத்தில் பாதி அப்போதே குறைந்துவிடும்.

துவரனுக்கு முட்டைக்கோஸ் வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். வீட்டில் உப்பேரிக்கு ஏத்தங்காய் சீவும்போது தொலி, அதாவது தோல், குவியுமே, அதை எறியாதீர்கள். பொடியாக நறுக்கி, மஞ்சள் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கறை போனதும் பிழிந்தெடுத்து, வேகவைத்த பெரும்பயறோடு, அதாவது காராமணியோடு, சேர்த்து, சின்ன உள்ளியும் கடுகும் தாளித்துப் பிரட்டினால் முட்டைக்கோஸ் பக்கத்தில் வர முடியாது. எரிசேரிக்கு மத்தன் சலித்துப்போயிருந்தால், கோடையில் காயவைத்துப் பத்திரப்படுத்திய சக்கைக்குரு, அதாவது பலாக்கொட்டை, இருக்கிறது. பப்பாளிக்காயும் நன்றாகவே ஒத்துழைக்கும். ஆனால் அதற்குப் பயறு கொஞ்சம் தாராளமாக வேண்டும்.

இனி, சிலருக்குக் கோபம் வரக்கூடிய யோசனை. ஓண இலையில் மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக் கிழங்குக்கு, ஓரிடம் கொடுங்கள்.

நம் பக்கத்தில் மரச்சீனி பரவியதில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் ஆண்டது 1880 முதல் 1885 வரை ஐந்தே ஆண்டுகள். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது இந்தக் கிழங்குதான் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறாக இருந்தது. அந்த நாள்களைப் பார்த்தவர்களுக்கு மரச்சீனி என்றால் பஞ்சத்தின் நினைவு; அதனால் நல்ல நாளில் அதை இலையில் அண்டவிடவில்லை. அவர்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே மரச்சீனியை ஓட்டலில் விலை கொடுத்து வாங்கித் தின்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் கிழங்குகளுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அவ்வளவு மரியாதை பெற்றுவிட்ட கிழங்குக்கு நம் இலையில் மட்டும் ஏன் இடமில்லை?

செய்முறை எளிது. தோலுரித்துத் துண்டாக்கி, தண்ணீரைத் தாராளமாக ஊற்றித் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இயற்கையாக உள்ள நச்சு பெருமளவு இப்படித்தான் வெளியேறும். குக்கரில் அடைத்து வைத்துக் குறுக்கு வழி தேட வேண்டாம். உப்பும் மஞ்சளும் சேர்த்து மசித்து, காந்தாரி என்கிற சின்ன மிளகாயும் சின்ன உள்ளியும் உப்பும் நசுக்கித் தேங்காய் எண்ணெய் ஊற்றிய சம்மந்தி என்னும் துவையலை ஒரு துளி பக்கத்தில் வையுங்கள். ஒரு துளிதான், காந்தாரி யாருக்கும் இரக்கம் காட்டாது.

அதற்குத் துணையாக மீன் கேட்பவர்கள் உண்டு. கேரளத்தின் தெற்கே திருவோணத்தன்று சைவம் என்பது பல வீடுகளில் கண்டிப்பு. வடக்கே கண்ணூர், கோழிக்கோடு பக்கங்களிலோ ஓண இலையில் மீனும் கோழியும் சாதாரணம். ஒரே பண்டிகை, ஒரே மாநிலம். ஆகவே அது வீட்டுக்கு வீடு முடிவு செய்ய வேண்டியது. வானொலியில் தீர்ப்புச் சொல்லி உங்கள் வீட்டுச் சண்டையில் நான் மாட்டிக்கொள்ள மாட்டேன்.

பாயசம் மூன்று வகை வைப்பது வெறும் வீம்பு. ஒன்றை மட்டும் நன்றாகச் செய்யுங்கள். கோடையில் பலாப்பழத்தைக் கிண்டி வைத்த சக்கை வரட்டி இருந்தால் சக்கைப் பிரதமன்; அதற்கு மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் கொதிக்கவிட்டு, முதல் பாலை இறக்கும்போதுதான் ஊற்ற வேண்டும், பிறகு கொதித்தால் திரிந்துவிடும். இன்னொரு பாயசத்தின் இடத்தில் ஒரு மட்டிப்பழம் வைக்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் நம் மாவட்டத்திலேயே இருக்கும்போது வேறு இனிப்பு எதற்கு? சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காகக் கருப்பட்டியில் பாயசம் செய்தேன் என்று சிலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். மணம் உயர்வுதான், ஆனால் உடம்புக்குள் போனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். கிண்ணத்தைச் சிறிதாக்குவது ஒன்றே வழி.

இவ்வளவு மாற்றினாலும் ஒரு கறியை மட்டும் தொடக்கூடாது. அது எது என்பதை வீட்டில் மூத்தவரிடமும் கடைக்குட்டியிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் அது இஞ்சிக்கறி. சின்ன அத்தைக்கு அதுவும் போதாது, இலையைப் பார்த்ததும் "காளன் எங்கே மக்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். பிறகு ஏத்தங்காய்த் தொலித் துவரனை இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்கள்.

இரவுக்குப் பழங்கறி இருந்தால், அதாவது மிஞ்சிய குழம்புகளையெல்லாம் ஒன்றாகச் சுண்டவைத்தது இருந்தால், தோசை போதும். மிச்சம் வைக்காமல் சமைத்தவர்கள் புட்டு அவித்து, சிறுபயறும் பப்படமும் வைத்துச் சாப்பிடலாம். பயறை மட்டும் மதியமே வேகவைத்துவிடுங்கள். புட்டுக்கு மாவு நனைப்பதும் தேங்காய் துருவுவதும் அன்று பகலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் வேலை.

வணக்கம்.