நியூகாஸில் லாசரஸ் வீடும் நமது சபைகளும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் பிரியமான பெரியவர்களே, ஆன்ட்டிமாரே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். தமிழிலேயே பேசச் சொல்லியிருக்கிறார்கள். புரியாத இடம் வந்தால் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டியும் பேரனும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம்தான் இது.

தன்பாலீர்ப்பு என்று பேச்செடுத்தால் நமது சபைகளில் உடனே வசனம் வரும். லேவியராகமம் 18, ரோமர் முதலாம் அதிகாரம், அப்புறம் சோதோம். அந்த வசனங்களை யாரும் மறைக்க முடியாது, நானும் மறைக்கப் போவதில்லை. ஆனால் சோதோமின் அக்கிரமம் என்னவென்று எசேக்கியேல் தீர்க்கதரிசி 16ஆம் அதிகாரத்தில் சொல்லியிருப்பதையும் சேர்த்து வாசியுங்கள். பெருமை, வயிறு நிறைந்த சுகம், எளியவனுடைய கையைப் பலப்படுத்தாமல் விட்டது என்று அங்கே இருக்கிறது. ரோமர் முதலாம் அதிகாரத்தை மேடையில் முழங்குகிறவர்கள் இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்துக்கு வருவதற்குள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கிற மனுஷனே, உனக்குப் போக்குச் சொல்ல இடமில்லை என்று பவுல் எழுதியது அங்கேதான்.

இதைப் பற்றி வேதபண்டிதர்கள் வாதாடட்டும். நான் பேச வந்தது வேறு. ஒரு சபை தான் பாவம் என்று நம்புவதை நாட்டின் சட்டமாக்கித் தரும்படி அரசிடம் கேட்கலாமா? கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதுவும் தென்னாப்பிரிக்கத் தமிழன் அதைக் கேட்கவே கூடாது. நமது பாட்டிமாருக்கு இந்த நாட்டில் என்ன நடந்தது என்று தெரிந்தவன் வாயில் அந்த வார்த்தை வராது.

1913 மார்ச் 14. கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். பாய் மரியம் என்ற பெண் இந்தியாவிலிருந்து தன் புருஷனோடு சேர்ந்து வாழ வந்தாள். உள்ளே விடவில்லை. பலதார மணத்துக்கு இடம் கொடுக்கிற மதத்தின் சடங்குப்படி நடந்த கல்யாணம் இங்கே செல்லாது என்றது நீதிமன்றம். அவள் புருஷனுக்கு வேறு மனைவி உண்டா இல்லையா என்பது கணக்கிலேயே வரவில்லை. ஒரே தீர்ப்பில் இந்து, முஸ்லிம், பார்சி கல்யாணங்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டன. தாலி கட்டி, அம்மி மிதித்து, கரும்புத் தோட்டத்தில் பிள்ளை பெற்று வளர்த்த பெண் சட்டத்தின் கண்ணில் யாரோ ஒருத்தி. அவள் பிள்ளைக்குச் சொத்தில் உரிமை உண்டா என்பதே சந்தேகம். கிறிஸ்தவத் திருமணத்தை அளவுகோலாக வைத்து மற்ற எல்லார் கல்யாணத்தையும் அளந்து பார்த்த சட்டம் அது.

காந்தியின் போராட்டத்தில் பெண்கள் இறங்கியது அதற்குப் பிறகுதான். கஸ்தூர்பா சிறைக்குப் போனார். ஜோகன்னஸ்பர்க் பக்கம் காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் முன்பு வாழ்ந்து, போராட்டத்துக்குக் கிளம்பிய பெண்களில் பெரும்பாலோர் தமிழச்சிகள். கைக்குழந்தையோடு நடந்தவர்களும் அவர்களில் உண்டு. தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலோடு கிடந்து, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள். அவளுக்கு வயது 16. அந்த ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம்தான் நமது கல்யாணங்களுக்கு மறுபடி மதிப்புக் கொடுத்தது.

வள்ளியம்மை கதை உங்களுக்குத் தெரியும். நமது சபைகளில் யாரும் சொல்லாத இன்னொரு கதை இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அந்தப் பெண்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைக்க நேட்டாலில் உள்ள நியூகாஸில் ஊருக்கு வந்தார்கள். வந்தவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தது யார்? டி. லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர். பெரிய பணக்காரர் இல்லை. சின்னதாக ஒரு துண்டு நிலம், இரண்டு மூன்று அறையுள்ள வீடு. வேலைநிறுத்தம் பரவியதும் அந்த வீடு சத்திரமாகிவிட்டது. எந்நேரமும் ஆட்கள் வந்து போனார்கள், இரவு பகல் அடுப்பு அணையவில்லை, லாசரஸின் மனைவி நாள் முழுக்க மாடாக உழைத்தார், அப்படியும் இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு மாறவில்லை என்று காந்தி பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

அதை யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்கள் மேல் போட்ட மூன்று பவுன் தலைவரி மதம் பார்க்காமல் விழுந்தது, சரி. ஆனால் சர்ல் தீர்ப்பால் தேவாலயத்தில் மணம் முடித்த கிறிஸ்தவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. அளவுகோல் அவன் பக்கம் இருந்தது. ‘நம்ம கல்யாணம் செல்லும், அவங்க பாடு அவங்களுக்கு’ என்று லாசரஸ் கதவைச் சாத்தியிருக்கலாம். இந்துக்களின் சடங்கு வேதத்துக்கு ஒத்தது என்று அவர் ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. தன் விசுவாசத்தில் ஒரு எழுத்தைக் கூட மாற்றாமல் அந்தப் பெண்களுக்குச் சோறு போட்டார். அடுத்தவர் குடும்பத்தை அரசு இல்லாததாக்கும்போது கிறிஸ்தவன் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த நாட்டில் இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

‘அது வேறு, இது வேறு. அங்கே ஆணும் பெண்ணும்’ என்று சிலர் சொல்வீர்கள். வேறுதான். ஆனால் அன்றைக்கு வெள்ளைக்காரச் சபைகளில் இருந்த பலருக்கு நமது கல்யாணமும் அஞ்ஞானிகளின் சடங்காகத்தான் தெரிந்தது. 1949இல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம் வந்தபோது டச்சு சீர்திருத்தச் சபை அதற்குத் துணை நின்றது. வேதத்தைக் காட்டித்தான் நின்றது. அந்தச் சட்டம் 1985 வரை இருந்தது. அதே ஒழுக்கச் சட்டங்களின் வரிசையில்தான் 1969இல் தன்பாலீர்ப்புள்ள ஆண்களைக் குறிவைத்து ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இரண்டு பேருக்கு மேல் கூடியிருந்தால் அது ‘பார்ட்டி’, அங்கே இச்சையைத் தூண்டும் எதுவும் குற்றம். வெள்ளைக்காரனும் தமிழச்சியும் காதலித்தால் கதவைத் தட்டிய அதே போலீஸ்தான் இவர்கள் கதவையும் தட்டியது.

இதையெல்லாம் பட்டு அனுபவித்த நாடு என்பதால்தான் 1996 அரசியலமைப்பின் 9ஆம் பிரிவில் இனம், மதம், பாலினம் இவற்றோடு பாலியல் நாட்டத்தையும் எழுதினார்கள். உலகத்தில் வேறெந்த நாட்டின் அரசியலமைப்பும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை. அந்த அரசியலமைப்பை எதிர்த்து வாக்களித்த ஒரே கட்சி ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய கட்சி, நமக்கெல்லாம் விடுதலை கொடுத்த சாசனத்தை எதிர்த்து நின்றது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வேதனையாக இருக்கிறது.

1998இல் ஆண்களின் தன்பாலுறவைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. 2005 டிசம்பர் 1 அன்று, தன்பாலினத் திருமண உரிமை கேட்ட ஃபூரி வழக்கில் நீதிபதி ஆல்பி சாக்ஸ் தீர்ப்பு எழுதினார். நாட்டின் பொதுவாழ்வில் மதத்துக்கு உள்ள இடத்தை அவர் மரியாதையோடு ஒப்புக்கொண்டார். ஆனால் சிலருடைய மத உணர்வை வைத்து மற்றவர்களின் அரசியலமைப்பு உரிமையை முடிவு செய்ய முடியாது என்றார். இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள் என்று நாம் ஞாயிறுப் பள்ளியில் மனப்பாடம் செய்ததும் இதுதானே. 2006 நவம்பர் 30 முதல், தன்பாலினத் திருமணத்துக்கு இடம் கொடுக்கும் சிவில் இணைவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

‘நாளைக்கு நம்ம பாஸ்டரைக் கட்டாயப்படுத்துவாங்க’ என்று ஒரு பயம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரு சபை தானாக விண்ணப்பித்தால்தான் அதன்கீழ் திருமணம் நடத்தி வைக்க முடியும். விண்ணப்பிக்காத சபையின் பீடத்தில் யாரும் வந்து நிற்க முடியாது. மெதடிஸ்ட் போதகர் எக்லீசியா டி லாங்கா தன் துணையை மணக்கப் போகிறேன் என்று அறிவித்ததால் ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டார். அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போயும் 2015இல் தோற்றுத்தான் திரும்பினார். டச்சு சீர்திருத்தச் சபை விஷயம் வேறு விதம். அந்தச் சபை தன்பாலின இணைகளுக்கு 2015இல் கதவைத் திறந்து 2016இல் சாத்தியது. சாத்திய முடிவை 2019இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வழக்கைத் தொடுத்தது சபையின் சொந்தப் பிள்ளைகள், தங்கள் சபை தன் விதிகளையே மீறியது என்பது அவர்களின் புகார்களில் ஒன்று.

அப்புறம், கட்டாயம் யார் மேல் விழுந்தது என்பதையும் பாருங்கள். சிவில் இணைவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, உள்துறை அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் அதிகாரி ‘என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் இந்தத் திருமணங்களைப் பதிவு செய்யாமல் ஒதுங்கலாம் என்றது. நாடு முழுக்க நூற்றுக்கணக்கான அதிகாரிகள் எழுதிக் கொடுத்தார்கள். சில ஊர்களில் பதிவு செய்ய ஒருவரும் இல்லை. வரிசையில் நின்று, முறை வந்து, கவுன்டருக்குப் போனால், எல்லோர் காதிலும் விழும்படி ‘உங்களுக்கு இங்கே செய்ய ஆள் இல்லை’ என்ற பதில். 2020இல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள். மதத்தின் பெயரால் அரசு அலுவலகக் கவுன்டரில் திருப்பி அனுப்பப்படுவது எப்படியிருக்கும் என்று பாய் மரியத்தைக் கேட்டால் சொல்லியிருப்பாள்.

டெஸ்மண்ட் டுட்டுவை நாம் எல்லோரும் நமது பேராயர் என்று சொல்லிக்கொள்கிறோம். தன்பாலீர்ப்பாளர்களை வெறுக்கும் கடவுளை நான் தொழமாட்டேன் என்று 2013இல் கேப் டவுனில் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அவருடைய மகள் ம்போ ஆங்கிலிக்கன் குரு. ஒரு பெண்ணை மணந்ததால் 2016இல் குருத்துவப் பணிக்கான உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. டுட்டு தகப்பனாக நின்று அவர்களுக்கு ஆசி கூறினார்.

நமது பக்கத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு பையன், எந்தச் சபை என்று சொல்லமாட்டேன், சிறுவயது முதல் கீபோர்டு வாசித்தவன். விஷயம் வெளியே தெரிந்ததும் ஆராதனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று பேர் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, அவன் தலைமேல் கைவைத்துப் பிசாசை அதட்டினார்கள். அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “ஈஸ்டருக்கு அவன் வந்தா நற்கருணை கொடுப்பாங்களா ஐயா?” என்னிடம் பதில் இல்லை. அந்தப் போதகரிடம் நேராகப் போய்க் கேட்டேன். சபை ஒழுங்கு என்றார். பன்னிரண்டு பேரில் யார் காட்டிக்கொடுப்பான் என்று தெரிந்தே அந்தப் பந்தியில் அப்பம் பிட்ட இயேசுவின் சபை ஒழுங்கா இது?

சபை இப்படிப் பேசினால் தெருவில் அது வேறு உருவம் எடுக்கிறது. பன்யானா பன்யானா என்ற நமது தேசியப் பெண்கள் கால்பந்து அணிக்காக ஆடிய, தன்பாலீர்ப்புள்ள பெண்ணான யூடி சிமெலானேயை 2008இல் குவா தெமாவில் கூட்டாகக் கற்பழித்துக் கொன்றார்கள். அவளுடைய பெயரில் மாரிட்ஸ்பர்க்கில் நினைவுச் சொற்பொழிவு நடக்கிறது, நமது இளைஞர்கள் ஒரு முறையாவது போய்க் கேளுங்கள். 2025 பிப்ரவரியில் கெபேகாவில் (பழைய போர்ட் எலிசபெத்), தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன இமாம் முஹ்சின் ஹெண்ட்ரிக்ஸைக் காரில் வைத்துச் சுட்டார்கள். சட்டம் காப்பாற்றும் என்று சொல்லும் நாட்டிலேயே இந்த நிலை. உகாண்டாவில் 2023இல் மரண தண்டனை வரைக்கும் சட்டம் போட்டபோது அங்குள்ள ஆங்கிலிக்கன் சபைத் தலைமையே, மரண தண்டனையை மட்டும் ஏற்காமல், அந்தச் சட்டத்தை வரவேற்றது. அந்தச் சட்டத்தைப் பாராட்டும் செய்திகளை நமது சபைக் குழுக்களில் ‘ஆமென்’ போட்டு அனுப்புகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

பாஸ்டர்மாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பீடத்தில் யாருக்குத் திருமணம் நடத்துவது என்பதை உங்கள் சபை ஜெபித்து முடிவு செய்யட்டும். என் சபை கதவைத் திறக்க வேண்டும் என்று நான் என் சபைக்குள் பேசிக்கொண்டே இருப்பேன், நீங்கள் மறுத்துப் பேசுங்கள். ஆனால் யாருக்கும் நற்கருணையை மறுக்காதீர்கள், அடக்க ஆராதனையை மறுக்காதீர்கள், பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்லித் தாய் தகப்பனைத் தூண்டாதீர்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் ஞாயிறு காலையில் கோட் போட்டு முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். குடும்பத்தைக் காப்பாற்றுவேன், அந்தச் சட்டத்தை மாற்றுவேன் என்பார்கள். அவர்களிடம் மைக்கைக் கொடுப்பதற்கு முன் நமது தெருவில் நாள்கணக்கில் தண்ணீர் வராதது பற்றிக் கேளுங்கள். அப்படியும் சட்டத்தை மாற்றுவேன் என்றுதான் பேசுவார் என்றால், 1913இல் யாருடைய கல்யாணத்தைச் செல்லாது என்றார்கள் தெரியுமா என்று நமது பாட்டிமார் எழுந்து கேட்கட்டும்.