வலிக்காத கட்டி

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

"வலிக்கவே இல்லைங்க டாக்டர், அதான் விட்டுட்டேன்." மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வரும் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வார்த்தை இது. வலித்தால்தான் வைத்தியம் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். பல் வலித்தால் ஓடுவோம், வயிறு வலித்தால் ஓடுவோம். மார்பகப் புற்றுநோய்க் கட்டியோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் இரண்டு மார்பும் கனத்து வலிக்கிறதே, அது ஹார்மோன் செய்கிற வேலை. விலக்கு வந்ததும் அடங்கிவிடும். விலக்கு முடிந்த பிறகும் அதே இடத்தில் வலிக்காமல் உட்கார்ந்திருக்கிற கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். அதற்காக, வலிக்கிற கட்டியெல்லாம் நல்ல கட்டி என்றும் நினைத்துவிடாதீர்கள்.

இந்தியப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இன்று முதலிடம் மார்பகத்துக்குத்தான். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் புதிதாக ஏறக்குறைய 1,92,000 பேருக்கு இந்த நோய் வந்தது, ஏறக்குறைய 98,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தரும் மதிப்பீடு. மேலை நாடுகளைவிடச் சுமார் 10 ஆண்டுகள் முன்னதாகவே இங்கே வருகிறது. "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் உண்டாவது 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு, வீட்டில் அவர்கள்தான் முதல் ஆள்.

என்ன பார்க்க வேண்டும்? மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், விலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியில், மேலாடை இல்லாமல் கண்ணாடி முன் நில்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டு ஒரு முறை, தலைக்கு மேல் தூக்கி ஒரு முறை, இடுப்பில் ஊன்றி நன்றாக அழுத்திக்கொண்டு ஒரு முறை பாருங்கள். கடைசி நிலை முக்கியம். மார்புக்குள் தோலையும் ஆழத்தையும் இணைக்கிற நார்கள் உண்டு. கட்டி அந்த நாரைச் சுருக்கி இழுத்தால், இலவம்பஞ்சு மெத்தையில் தையல் போட்ட இடம் குழிவதுபோல் தோல் உள்ளே குழியும். சும்மா நிற்கும்போது தெரியாத குழி, இடுப்பில் கையை ஊன்றி நெஞ்சுத் தசையை இறுக்கியதும் தெரிந்துவிடும்.

காம்பையும் பாருங்கள். வயது வந்த நாள் முதல் உள்வாங்கிய காம்பாக இருந்தால் கவலை இல்லை. போன தீபாவளிக்கு நேராக இருந்த காம்பு இந்தத் தீபாவளிக்கு உள்ளே போயிருந்தால் காட்ட வேண்டும். பிழியாமலே, ஒரு பக்கக் காம்பில் மட்டும், ரத்தமாகவோ தண்ணீர்போலவோ கசிந்து ஜாக்கெட்டில் கறை படிந்தால் காட்ட வேண்டும். காம்பின் நுனியில் செதில் செதிலாக உரிந்து புண்ணாகிறதா? சொறி, படை என்று களிம்பு தடவிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். ஒரு பக்கக் காம்பிலேயே தொடங்கி, களிம்புக்கு ஆறாத புண், உள்ளே இருக்கும் புற்றுநோயின் வெளி அடையாளமாக இருக்கலாம். தோல் தடித்து, மயிர்க்கால் ஒவ்வொன்றும் புள்ளி புள்ளியாகக் குழிந்து, சாத்துக்குடித் தோல்போல் ஆனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. நிணநீர் வடிகிற பாதை உள்ளே அடைபட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. படுத்துக்கொண்டு, பார்க்கிற பக்கத்துத் தோளுக்கடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள், மார்பு பரவிக்கொடுக்கும். எதிர்க்கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் குத்தாமல், விரலின் சதைப்பகுதியால் சிறு வட்டமாகத் தடவுங்கள். ஒவ்வொரு இடத்திலும் லேசாக ஒரு முறை, கொஞ்சம் அழுத்தி ஒரு முறை, விலா எலும்பு தட்டுப்படும்வரை ஒரு முறை. அக்குளில் தொடங்கி நடு நெஞ்சு எலும்பு வரை, கழுத்துப்பட்டை எலும்பில் தொடங்கி மார்பின் அடிமடிப்பு வரை, வயலில் சால் ஓட்டுவதுபோல் மேலும் கீழுமாக, இடம் விடாமல் போக வேண்டும். அக்குளை ஒட்டிய மேல்புறத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். புற்றுநோய் அதிகம் தோன்றுவது அந்தப் பகுதியில்தான். மார்பின் அடிமடிப்பில் வளைந்து நீளமாக ஒரு தடிப்பு தட்டுப்படும். அது இயல்பானது, இரண்டு பக்கமும் இருக்கும். பலர் அதைத் தொட்டுப் பயந்து தூக்கம் கெடுகிறார்கள்.

இளம் பெண்களுக்கு வரும் சாதாரணக் கட்டி கோலிக்குண்டுபோல் விரலுக்கடியில் வழுக்கி ஓடும். புற்றுநோய்க் கட்டி கல்போல், ஓரம் சீரில்லாமல், வேர்விட்டதுபோல் பிடித்துக்கொண்டு இருக்கும். இது பொதுவான வேறுபாடுதான். தொடுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது எது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான ஆலைத் தொழிலாளிப் பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. சுய பரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் மார்பகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1,51,538 பெண்களை வைத்து 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. அங்கே மருத்துவர்கள்கூட அல்ல, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள்தான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஆகவே, உங்கள் கை உங்கள் உடம்பின் இயல்பைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். ஆனால் "நானே பார்த்துக்கிறேன்" என்று பயிற்சி பெற்றவர் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதை இலவசமாகச் செய்கிறார்கள்.

கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பால் கட்டிக்கொண்டால் வலிக்கும், சிவக்கும், சில நேரம் காய்ச்சலும் வரும். பால் கொடுத்தோ எடுத்தோ, மருந்து சாப்பிட்டோ, சில நாளில் கரைய வேண்டும். இரண்டு வாரம் ஆகியும் கரையாத கட்டியை "பால்கட்டுதான், தானா போயிடும்" என்று பாட்டி சொன்னாலும், ஏன், மருத்துவரே சொன்னாலும், ஸ்கேன் கேட்டு வாங்குங்கள். பால் கொடுத்துக்கொண்டே ஸ்கேன் எடுக்கலாம், பயாப்சியும், அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதும், செய்யலாம்.

30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். 40 கடந்தவர்களுக்கு மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே, தேவைப்பட்டால் கூடவே ஸ்கேன். மேமோகிராம் எடுக்கிற அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட் எதுவும் போடாமல் போங்கள். பவுடர்த் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோல் விழுந்து குழப்பும். மார்பைத் தட்டுகளுக்கு இடையில் சில வினாடி அழுத்துவார்கள். விலக்கு முடிந்த வாரம் போனால் வலி குறைவு.

ரிப்போர்ட்டில் "பைராட்ஸ் 4" என்று பார்த்ததும் நான்காம் நிலைப் புற்றுநோய் என்று குடும்பமே இடிந்து போய்விடுகிறது. அது நோயின் நிலையைக் குறிக்கும் எண்ணே அல்ல. படத்தில் எவ்வளவு சந்தேகம் என்பதைச் சொல்லும் எண். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 100க்கு 2க்கும் கீழே, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 என்றால் பயாப்சி வேண்டும். பூஜ்யம் என்றால் படம் போதவில்லை, இன்னொரு படம் வேண்டும். இன்னொன்று: கைக்குத் தட்டுப்படுகிற கட்டி இருக்கும்போது "மேமோகிராம் நார்மல்" என்று நிம்மதியாகிவிடக் கூடாது. அடர்த்தியான மார்பில் மேமோகிராம் கட்டியைத் தவறவிடுவது உண்டு.

"ஊசி பட்டால் பரவிடும், கத்தி பட்டால் பரவிடும்" என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சற்றுப் பெரிய ஊசியால் நூல்போல் சில துண்டுகள் எடுக்கிறார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். உண்மையில் கெடுதல் நடப்பது வேறு இடத்தில். "சின்னக் கட்டிதானே, எடுத்துப் போட்டுடலாம்" என்று பயாப்சி இல்லாமல் அறுத்துவிடுவதும், எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவதும்தான். அப்படி நடந்தால் ஓரம் சுத்தமாக வந்ததா என்று தெரியாது, பெரும்பாலும் மறு அறுவை தேவைப்படும். எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லும் ஹார்மோன் சோதனை, ஹெர்-2 சோதனைகளுக்குத் திசுவும் இருக்காது. உடம்பிலிருந்து எடுத்த எதுவும் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். ரிப்போர்ட்டை வாங்கி வையுங்கள்.

கட்டி 2 சென்டிமீட்டருக்குள், அதாவது ஒரு சிறிய நெல்லிக்காய் அளவுக்குள் இருந்து, அக்குளுக்கும் பரவாமல் இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு மார்பை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியை மட்டும் எடுத்து, கரண்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தால் போதும். சிலருக்குக் கீமோவே வேண்டியிருக்காது. அக்குள் நெறிகட்டிகளை மொத்தமாக எடுக்காவிட்டால் பின்னாளில் கை வீங்குவதும் மிகவும் குறையும். அமெரிக்கக் கணக்குப்படி, நோய் மார்போடு நிற்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100க்கு 99 பேருக்கு ஐந்தாண்டில் இந்த நோயால் உயிராபத்து இல்லை. எலும்புக்கோ நுரையீரலுக்கோ போன பிறகு அது 100க்கு 30 சொச்சமாக இறங்கிவிடுகிறது.

பொண்ணு பரீட்சை முடியட்டும், அறுப்பு முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் நெல்லிக்காய் எலுமிச்சம்பழமாகிறது. வீட்டு ஆண்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், மனைவியோ அம்மாவோ தயங்கிச் சொல்லும்போது அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கும் மார்பில் கட்டி வரலாம்; இந்த நோயாளிகளில் 100க்கு ஒருவர் அளவில் ஆண்கள்.

போகும்போது கட்டி இருக்கிற இடத்தைப் பேனாவால் தோலில் குறித்துக்கொள்ளுங்கள். படுத்ததும் இடம் மாறியதுபோல் தோன்றும். முதலில் எந்தத் தேதியில் தெரிந்தது, கடைசி விலக்கு எப்போது, சாப்பிடுகிற மாத்திரைகள் என்னென்ன, சொந்தத்தில் யாருக்காவது மார்பு அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்ததா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய ஸ்கேன் படங்கள் இருந்தால் அவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பரிசோதிக்கும்போது ஒரு நர்ஸம்மா கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

நன்றி, வணக்கம்.