அப்பா பேர் இல்லாத பெட்டி

(அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘கேமிங் கம்ப்யூட்டர்: நாமே அசெம்பிள் செய்வதா, ரெடிமேடாக வாங்குவதா?’ ‘நாமே அசெம்பிள் செய்வதே’ அணியின் மூன்றாவது பேச்சு.)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், மார்கழிப் பனி இன்னும் விடாத இந்த ராத்திரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் வாழ்த்து.

ஐந்து பாயிண்ட் எழுதிக்கொண்டு வந்தேன். எதிரணி அக்கா பேசி முடித்ததும் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அக்கா ஒரு வார்த்தை சொன்னார், நீங்களும் விசிலடித்தீர்கள். “கடையில வாங்கின கம்ப்யூட்டருக்கு நெத்தியில கம்பெனி பேர் இருக்கு. கெட்டுப்போனா ஒரு போன் போடலாம். இவங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் சந்தையில பத்துக் கடை ஏறி இறங்கி ஒட்டுப்போட்டு எடுத்துட்டு வர்றாங்களே, அதுக்கு யார் பேரைப் போடுவாங்க? அது அப்பா பேர் இல்லாத பெட்டி!”

அக்கா, அந்தப் பெட்டிக்கு அப்பா பேர் இருக்கிறது. எனக்குக் கொடுத்த நேரம் முழுவதும் இனி அந்தப் பேருக்குத்தான்.

2018 தீபாவளி. போனஸ் வந்த வாரம். கார் ரேஸ் கேம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடி வளர்ந்தவன். நமக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதை நாமே அசெம்பிள் பண்ண வேண்டும் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “நானும் வர்றேன்.”

அப்பா செங்கல்பட்டில் முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வால்வு செட், டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், கடைசியில் டிவி. கம்ப்யூட்டரை அவர் தொட்டதே இல்லை. ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட் அவருக்கு மனப்பாடம். அங்கே கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ரேடியோ சாமான்தானே? மாதம் ஒரு தடவை மின்சார ரயிலில் வந்து கண்டென்சர், ரெசிஸ்டர், ஐஎஃப்டி காயில் எல்லாம் மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு போவார்.

கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான பிராசசர், ரைசன் 5 2600 வாங்கினோம். எல்லாப் பாகமும் வந்து சேரும் பலகை, பி450 மதர்போர்டு. ஓடும் வேலையை நினைவில் வைத்துக்கொள்ள எட்டு ஜிபி ராம் இரண்டு. ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, ஆறு ஜிபி. அதுவரை அப்பா வாயே திறக்கவில்லை. கடைசியாக எஸ்எம்பிஎஸ். கரண்டை வாங்கி எல்லாப் பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டப்பா அது. கடைப் பையன் இரண்டை எடுத்து வைத்தான். இரண்டிலும் 550 வாட்ஸ் என்று போட்டிருந்தது. ஒன்று ஆயிரத்துச் சொச்சம், மற்றது நாலாயிரத்துச் சொச்சம். நான் ஆயிரத்துக்குக் கை நீட்டினேன். அப்பா இரண்டையும் இரண்டு கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். சந்தையில் பூசணிக்காய்க்கு எடை பார்ப்பது போலக் கையை மேலும் கீழும் அசைத்தார். பிறகு சொன்னார்: “ரெண்டுலயும் 550னு எழுதியிருக்கு. இதுல சரக்கு இருக்கு. அதுல எழுத்துதான் இருக்கு.”

கடைப் பையன் எழுந்து நின்றுவிட்டான் ஐயா! “பெரியவர் லைன்ல இருந்தவரா?” என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தான்.

ரெடிமேட் பெட்டி விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். பிராசசர் பேர் பெரிய எழுத்தில் இருக்கும், கார்டு பேர் அதைவிடப் பெரிதாக இருக்கும். எஸ்எம்பிஎஸ் யார் செய்தது என்று பல விளம்பரங்களில் ஒரு வரி இருக்காது. எட்டு எட்டாக இரண்டு ராம் போட்டால் இரண்டு பாதையில் வேகமாக ஓடும் இடத்தில், பதினாறு ஜிபி ராம் ஒன்றே ஒன்றைச் சொருகி அனுப்பியிருப்பார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கையில் தூக்கிப் பார்க்க அங்கே நமக்கு வழி இல்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். சாப்பாட்டு மேஜையில் தினசரிப் பேப்பரை விரித்தோம். பிராசசரின் மூலையில் பொடியாக ஒரு தங்க முக்கோணம் இருக்கும், அதையும் சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தையும் பொருத்தி வைத்தால் அழுத்தவே வேண்டாம், தானே உட்கார்ந்துவிடும். அது உட்கார்ந்த நிமிடம் எனக்குக் கை வியர்த்தது. சூட்டைக் கடத்தும் பேஸ்ட் வைத்தோம், ஃபேன் மாட்டினோம். முன்பக்க சுவிட்சிலிருந்து வரும் நூல் மாதிரி ஒயர்களை அப்பா டார்ச் பிடிக்க, நான் பூதக்கண்ணாடி வைத்துச் சொருகினேன். ராத்திரி ஒன்பதே முக்கால். அம்மா கற்பூரத் தட்டோடு வந்து நிற்கிறார். சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. மானிட்டரில் இரண்டே வார்த்தை: நோ சிக்னல்.

ராமைக் கழற்றி மாட்டினேன். ரப்பரால் தேய்த்து மாட்டினேன். கார்டைக் கழற்றி மாட்டினேன். நோ சிக்னல். அம்மா திருஷ்டி என்றார். பக்கத்து வீட்டு மாமா வந்து எர்த் சரியில்லை என்றார். என் மனைவி கதவோரம் நின்று, அக்கா சொன்ன அதே வசனத்தைச் சொன்னாள்: “கடையிலயே வாங்கியிருக்கலாம்.” மணி பன்னிரண்டு. மாமா போய்ப் படுத்துவிட்டார். அம்மா கற்பூரத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவு செய்திருந்தேன்.

அதுவரை சேரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, படம் எங்க உற்பத்தியாகுது?”

“கிராபிக்ஸ் கார்டுலப்பா.”

“அது எங்க இருக்கு?”

“இதோ, கீழ.”

“அப்ப டிவிக்குப் போற ஒயரை ஏன் மேல சொருகியிருக்க?”

குனிந்து பார்த்தேன். மானிட்டர் கேபிள் மதர்போர்டின் துவாரத்தில் இருந்தது. நான் வாங்கிய அந்தப் பிராசசருக்குச் சொந்தமாகக் கிராபிக்ஸ் கிடையாது, அந்தத் துவாரத்துக்குப் படம் வரவே வராது. பிடுங்கி நாலு விரற்கடை கீழே, கார்டில் சொருகினேன். வந்தது ஐயா வெளிச்சம்! பன்னிரண்டே காலுக்கு என் வீட்டில் கற்பூரம் ஏற்றினோம்!

பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது, இன்னொரு தரம் சொல்கிறேன். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மனிதர், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், கேட்டது ஒரே கேள்வி. படம் எங்கே உற்பத்தியாகிறது? ரேடியோவில் சத்தம் வரவில்லை என்றால் ஸ்பீக்கரில் தொடங்கி ஏரியல் வரைக்கும் பின்னாலேயே நடந்து போக வேண்டுமாம். “வழியைப் புடிச்சாப் போதும்டா.” அன்றைக்கு ராத்திரி எனக்கு அந்த வழி கிடைத்தது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

2020 ஊரடங்கில் இதே குடியிருப்பில் ஒரு நண்பரின் ரெடிமேட் பெட்டி கண்ணை மூடிக்கொண்டது. அக்கா சொன்ன அந்த ஒரு போனை அவர் பதினொரு நாள் போட்டார். சர்வீஸ் ஆள் வர வழியில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்க்கவும் அவருக்குப் பயம், ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போய்விடும் என்று நினைத்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார். வீடு மாற்றியபோது வண்டியில் குலுங்கி ராம் லேசாக எழும்பியிருந்தது. கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினேன், அவ்வளவுதான்.

இப்போது அப்பா பேருக்கு வருகிறேன். அக்கா, பிசி, அதாவது பர்சனல் கம்ப்யூட்டர் என்ற பேரை உலகமெல்லாம் பரப்பியது ஐபிஎம் கம்பெனி, 1981 ஆகஸ்டில் விட்ட பெட்டியால். அந்தப் பெட்டிக்குள் இருந்த 8088 பிராசசர் இன்டெல்லுடையது. அதை ஓட்டிய டாஸ் என்ற மென்பொருள் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. சந்தைக்குச் சீக்கிரம் வர வேண்டும் என்று வெளியில் கிடைத்த பாகங்களைச் சேர்த்து ஒரு வருடத்தில் முடித்தார்கள். முதல் பெட்டியே ஊரான் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து வளர்த்த வீடுதான்! அதனால்தான் மற்றவர்களும் அதே மாதிரி செய்ய முடிந்தது, நம் வீடு வரைக்கும் அது வந்து சேர்ந்தது.

இன்னொன்று கேளுங்கள். டெல் என்று நெற்றியில் போட்டிருக்கும் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பேர். மைக்கேல் டெல். 1984-இல் அவருக்கு 19 வயது, அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர். 1000 டாலர் முதல் போட்டு, விடுதி அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர்களைப் பிரித்துக் கூடுதல் பாகம் மாட்டி விற்றார். அக்கா, நெற்றியில் இருப்பது அப்பா பேர்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த அப்பாவே அசெம்பிள் பண்ணினவர் அக்கா!

கெட்டுப்போனால் கேட்க ஆள் உண்டா என்றார். ரெடிமேட் பெட்டிக்குப் பெரும்பாலும் மொத்தமாக ஒரு வருடம் வாரண்டி, அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிக் காசு. எங்கள் பெட்டியில் பிராசசருக்கு மூன்று வருடம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து வருடம், சிலதுக்குப் பத்து. ராம் பலவற்றுக்கு ஆயுள் வரைக்கும். ஒரே ஒரு அப்பாவை நம்பி நிற்கிற பிள்ளையா, சீர்த்தட்டோடு ஏழெட்டுத் தாய்மாமன்கள் வரிசையில் நிற்கிற பிள்ளையா, எந்தப் பிள்ளைக்குப் பலம் என்று இந்த ஊருக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

எதிரணித் தம்பி 2021-ஐச் சொன்னார். உண்மை. அந்த வருடம் கார்டு தனியாகக் கிடைக்கவில்லை, கிரிப்டோ மைனிங்குக்கு, அதாவது கார்டை வைத்துக் கணக்குப் போட்டு டிஜிட்டல் காசு தோண்டுவதற்கு, அள்ளிக்கொண்டு போனார்கள், பெட்டியோடு வாங்கியவர்களுக்குத்தான் கார்டு கிடைத்தது. அந்த வருடத்தை உங்களுக்கே கொடுத்துவிட்டேன் தம்பி. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற அந்த டிஜிட்டல் காசு தன் முறையை மாற்றியது, கார்டு வைத்து அதைத் தோண்டும் வேலையும் நின்றது. 2023-இல் நான் மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். பிராசசரை 5600 ஆக்கினேன், கார்டை ஆர்டிஎக்ஸ் 3060 ஆக்கினேன். போர்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்ததும் அதே பழைய போர்டு புதுப் பிராசசரை ஏற்றுக்கொண்டது. அப்பா கையில் எடை பார்த்த அதே எஸ்எம்பிஎஸ் புதுக் கார்டையும் தாங்குகிறது. சில பெரிய கம்பெனிப் பெட்டிகளில் போர்டும் பிளக்கும் அவர்களுடைய அளவுக்கே செய்தவை, வெளிச் சாமான் உள்ளே சேராது. அந்தப் பெட்டியை வாங்கியவர்…

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா. ஒரே ஒரு நிமிடம். கம்ப்யூட்டரைப் பற்றி இனிமேல் பேச மாட்டேன்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம். ரிப்பேர் முடித்த ஒவ்வொரு ரேடியோவுக்கும் மூடியின் உட்பக்கம் பென்சிலால் தேதி போட்டு, தன் பேர் எழுதுவார். வெளியே யாருக்கும் தெரியாது. அடுத்து எவன் திறக்கிறானோ அவனுக்குத் தெரிய வேண்டுமாம், இதை ஒருத்தன் கை வைத்துப் பார்த்திருக்கிறான் என்று. 2018-இல் அந்த ராத்திரி, கற்பூரம் அணைந்த பிறகு, மார்க்கர் பேனா கேட்டு வாங்கினார். பக்கவாட்டுத் தகட்டின் உட்பக்கம் தேதி எழுதினார், பேர் எழுதினார், அச்சுப் போல.

2023-இல் கார்டு மாற்றத் தகட்டைக் கழற்றினேன். என் பையனுக்கு அப்போது ஏழு வயது. “தாத்தா பேர் ஏன்பா உள்ள இருக்கு?” என்றான். சொன்னேன். அவன் ஓடிப்போய் மார்க்கரை எடுத்துத் தாத்தாவிடம் நீட்டினான், புதுத் தேதி போடச் சொல்லி. அதற்குள் அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டிருந்தது. ரேடியோவுக்குள் தலைமயிர் கனத்து ஒயரைப் பற்றவைத்த கை, இரண்டு என்ற எண்ணைப் போட முடியாமல் தகட்டின் மேல் தடதடவென்று அடித்தது. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையன் பேசாமல் போய்த் தாத்தாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் எழுதினார்கள். தேதி கோணலாக இருக்கிறது. அதற்குக் கீழே தாத்தா பேர், அதற்கும் கீழே பையன் தன் பேரையும் போட்டுக்கொண்டான்.

அக்கா, விழா முடிந்ததும் சி பிளாக் மூன்றாவது மாடிக்கு வாருங்கள். இரண்டு ஸ்க்ரூதான், நானே கழற்றிக் காட்டுகிறேன். அப்பாவும் தூங்கியிருக்க மாட்டார், பட்டிமன்றம் எப்படிப் போனது என்று கேட்க உட்கார்ந்திருப்பார்.

நன்றி, வணக்கம்.