கடைசி அப்பீல் லண்டனில்

வணக்கம் நேயர்களே. வெஸ்ட் இண்டீஸ் என்றதும் நமக்கு கிரிக்கெட் அணிதான் ஞாபகம் வரும். அந்தப் பெயரில் நாடு எதுவும் இல்லை. ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட் என்று பல தனி நாடுகள் சேர்ந்து ஆடும் அணி அது. ஒரே நாடாகிவிடும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. 1958-ல் பத்துப் பிரதேசங்கள் கூட்டாட்சி அமைத்தன. 1961-ல் ஜமைக்கா மக்கள் வாக்களித்து விலகினார்கள். பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம் என்றார் டிரினிடாட் தலைவர் எரிக் வில்லியம்ஸ். மறு வருடமே கூட்டாட்சி கலைந்தது.

கரும்புத் தோட்டமும் அடிமைமுறையும் ஆங்கிலமும் இந்தத் தீவுகளுக்குப் பொதுவான சொத்து. அதில் இன்னும் முழுசாகக் கைமாறாத ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். அது நீதிமன்றம்.

ஜமைக்காவில் ஒருவர் வழக்குப் போட்டு மேலே மேலே போனால், கடைசியில் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் என்ற பிரிட்டிஷ் மேல்முறையீட்டு மன்றத்தில்தான் போய் நிற்க வேண்டும். அங்கே நீதிபதிகள் அங்கியோ விக்கோ இல்லாமல் சாதாரண கோட்டு போட்டுக்கொண்டு விசாரிப்பார்கள். இந்தியா இந்தத் தொடர்பை 1949-லேயே அறுத்துக்கொண்டது. இலங்கை 1971-ல் விலகியது. ஜமைக்கா சுதந்திரம் பெற்று அறுபது வருடம் தாண்டியும் விலகவில்லை.

ஏன் என்று கேட்டால், அதற்கு நியாயமான ஒரு காரணம் உண்டு. ஜமைக்காவில் 1979-ல் தூக்குத் தண்டனை பெற்ற இரண்டு பேர் பதினான்கு வருடம் சிறையில் காத்துக் கிடந்தார்கள். மூன்று தடவை தூக்கு உத்தரவை வாசித்துக் காட்டி, தூக்குமேடையை ஒட்டிய அறைக்கு அவர்களை மாற்றினார்கள். மூன்று தடவையும் கடைசி நேரத்தில் தூக்கு நின்றது. ஒரு மனிதனை இப்படி வைத்திருப்பதே கொடுமை என்று 1993-ல் பிரிவி கவுன்சில் சொல்லி, இருவரையும் தூக்கிலிருந்து காப்பாற்றியது. நம் ஊர் நீதிபதிகள் இப்படித் துணிவார்களா என்ற சந்தேகம் அங்கே பலருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, அந்தச் சந்தேகம் இன்னும் செல்லுமா? 2005-ல் கரீபிய நாடுகள் சொந்தமாக ஒரு நீதிமன்றம் தொடங்கின. அரசியல்வாதிகளின் தயவில் நிற்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே 10 கோடி டாலர் நிதி திரட்டித் தனி அறக்கட்டளையில் போட்டார்கள். நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் தனி ஆணையம். ஆனாலும் இது தூக்குப் போடுவதற்கென்றே வந்த கோர்ட் என்று எதிர்ப்பாளர்கள் பேசினார்கள். 2018-ல் அதே நீதிமன்றம், கொலைக் குற்றத்துக்குத் தூக்கு ஒன்றே தண்டனை என்ற பார்படாஸ் சட்டத்தைச் செல்லாது என்றது. இதைவிட என்ன சான்று வேண்டும்? என்னைக் கேட்டால், தயங்குவதற்கு இனிக் காரணம் இல்லை.

பார்படாஸ், டொமினிகா, கடைசியாக 2023-ல் செயின்ட் லூசியா என்று சில தீவுகள் லண்டனை விட்டு இந்தப் புதிய நீதிமன்றத்துக்கு வந்துவிட்டன. கிரெனடா மக்கள் 2016, 2018 இரண்டு வாக்கெடுப்பிலும் வேண்டாம் என்றார்கள். புதிய நீதிமன்றத்தின் கட்டடம் இருப்பது டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில். அந்த நகரவாசி ஒருவரின் நிலத் தகராறு கடைசிவரை போனால், அவர் வக்கீல் இன்னமும் லண்டனில்தான் அப்பீல் செய்ய வேண்டும். தெருக்கோடியில் நீதிமன்றத்தை வைத்துக்கொண்டு அவரை அட்லாண்டிக் கடலைத் தாண்ட வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.