நடுவழியில் நின்ற கார் கூரை! மோட்டாரில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: டிக்கி மூடி நிமிர்ந்து நிற்கிறது. இரும்புக் கூரை பாதி மடங்கிய நிலையில் அசையாமல் நிற்கிறது.]

முன்னேயும் வராது, பின்னேயும் போகாது. மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டி ஸ்பானரை எடுக்கிறீர்களா? பொறுங்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒரு சின்ன சுவிட்சை!

இது ஃபோர்டு ஸ்கைலைனர். 1957 முதல் 1959 வரை அமெரிக்காவில் தயாரானது. மொத்தம் 48,394 கார்கள். மடங்கும் இரும்புக் கூரை இதற்கும் முன்பே வந்துவிட்டது. 1930களில் பிரான்சின் பெஜோ கார்களுக்காக அதை வடிவமைத்த ஜார்ஜ் போலான் தொழிலால் பல் மருத்துவர்! அவரைப் பற்றித் தனி வீடியோ வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள்.

[காட்சி: பின்சீட்டுக்குப் பின்னால் ஒயர்கள்]

இந்தக் கூரைக்குக் கணினி கிடையாது, ஹைட்ராலிக் எண்ணெயும் கிடையாது. 7 மோட்டார்கள், 10 ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்), 10 லிமிட் சுவிட்சுகள் (ஒரு பாகம் தன் எல்லையைத் தொட்டதும் அழுந்துபவை), ஏறக்குறைய 186 மீட்டர் ஒயர். அவ்வளவையும் கொண்டு ஒரு கூரையையே மடித்து டிக்கிக்குள் வைத்துவிட்டார்கள்!

கல்யாணப் பந்தியில் சோறு விழுந்த பிறகுதான் சாம்பார் வாளி நகரும். இங்கேயும் அதே ஒழுங்குதான். டிக்கிப் பூட்டு திறந்து முடிந்ததும் ஒரு லிமிட் சுவிட்ச் அழுந்தும். அது அழுந்தினால்தான் மூடியைத் தூக்கும் மோட்டாருக்கு மின்சாரம் போகும். மூடி முழுவதும் எழுந்த பிறகே கூரைப் பூட்டுகள் கழலும். அதன்பின் கூரை பின்னால் நகரும், அதன் முன்முனை மடங்கும், கடைசியாக மூடி இறங்கும். சோறு வராத பந்தியில் பாயசக்காரரைத் திட்டி என்ன பயன்? எனக்கு இந்த இயந்திரத்தின் மேல் அளவில்லாத பிரியம். எதையும் ஒளிக்காது. எந்தக் கட்டத்தில் நின்றதோ, அந்தக் கட்டத்தைச் சுற்றித்தான் தேட வேண்டும்.

[காட்சி: சோதனை விளக்கு, சுவிட்ச், மிக அருகில்]

மூடிக்கும் கூரைக்கும் கட்டை முட்டுக் கொடுக்காமல் தலையை உள்ளே நீட்டாதீர்கள். சோதனை விளக்கின் கிளிப்பைக் காரின் உடம்பில் துரு இல்லாத இடத்தில் மாட்டுங்கள். அதன் மறுமுனையால் தொடும் இடத்தில் மின்சாரம் இருந்தால் விளக்கு எரியும். உதவிக்கு ஒருவர் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து கூரை சுவிட்சைப் பிடித்திருக்கட்டும். லிமிட் சுவிட்சுக்குள் மின்சாரம் வருகிறது, அழுத்தியும் வெளியே போகவில்லை என்றால் பழுது அகப்பட்டுவிட்டது. இதோ பாருங்கள்: கெட்டியாகிப் போன பழைய கிரீஸ். சுவிட்சின் முனை முழுவதும் உள்ளே போக மறுக்கிறது. சுத்தம் செய்தாலே பல சுவிட்சுகள் பிழைத்துக்கொள்ளும்.

சுவிட்ச் சரி என்றால் ரிலே, பிறகு எர்த் ஒயர், அதாவது மின்சாரம் காரின் உடம்புக்குத் திரும்பும் ஒயர். மோட்டார் கடைசியில்தான்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். கூரையை இருபுறமும் தள்ளும் திருகு ஜாக்கிகள் ஒன்றாகச் சுழல வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கையால் சுற்றினால் கூரை கோணிவிடும். சோதிக்கும்போது இன்ஜின் ஓடட்டும், இல்லையென்றால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

உங்கள் கூரை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள், சேர்ந்தே தேடுவோம்.