சென்னை மெட்ரோ நீல வழித்தடம்: எங்கே ஏறி, எங்கே மாறி, எங்கே இறங்குவது?

[திரையில்: விமான நிலைய மெட்ரோ நடைமேடை. இரவு நேரம். கையில் பெட்டியுடன் பயணிகள்.]

குரல்: விமானத்தை விட்டு இறங்கியாயிற்று. எழும்பூரில் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்தால் எழும்பூர் பச்சை வழித்தடத்தில் இருக்கிறது. பச்சை வழித்தடம் ஆலந்தூரிலேயே கிடைக்கிறது. உடனே ஆலந்தூரில் இறங்கிப் பச்சை ரயிலுக்கு மாறிவிடலாம் என்றுதான் தோன்றும். அப்படி மாறினால் கோயம்பேடு, அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் என்று ஊரைச் சுற்றித்தான் எழும்பூர் போய்ச் சேர்வீர்கள்.

[திரையில்: வரைபடம். நீலமும் பச்சையும் ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் சந்திக்கும் வளையம் மட்டும் ஒளிர்கிறது.]

குரல்: நீலமும் பச்சையும் இரண்டு இடங்களில் சந்திக்கின்றன. தெற்கே ஆலந்தூர், வடக்கே சென்ட்ரல். ஆலந்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு நீல ரயிலில் 10 நிறுத்தம். கிண்டி, சைதாப்பேட்டை, அண்ணா சாலை வழியாகப் போகிறது. பச்சை ரயிலில் அதே சென்ட்ரலுக்கு 15 நிறுத்தம். எழும்பூர் சென்ட்ரலுக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இருக்கிறது. ஆகவே நீல ரயிலிலேயே சென்ட்ரல் வரை போய், அங்கே மாறி, ஒரே ஒரு நிறுத்தம் பின்னால் வருவதுதான் சுருக்கமான வழி: 11 நிறுத்தம். ஆலந்தூரில் மாறினால் 14.

இதை ஒவ்வொரு நிலையமாக எண்ணிப் பார்த்தால் ஒரு கணக்கு கிடைக்கிறது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் எழும்பூருக்கும் நேரு பூங்காவுக்கும் சென்ட்ரலில் மாறலாம். கீழ்ப்பாக்கம் தொடங்கி அண்ணா நகர், திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் எல்லாவற்றுக்கும் ஆலந்தூரில் மாறலாம். கீழ்ப்பாக்கத்துக்கு இரண்டு வழிக்கும் வித்தியாசம் ஒரே ஒரு நிறுத்தம்தான். எந்த ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறினாலும் பெரிய நஷ்டமில்லை.

மாறும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆலந்தூரிலும் சரி, சென்ட்ரலிலும் சரி, டிக்கெட் கதவைத் தாண்டி வெளியே போகக் கூடாது. உள்ளேயே நகரும் படிக்கட்டில் அடுத்த தளத்துக்குப் போக வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிட்டால் கியூஆர் டிக்கெட் அத்தோடு முடிந்தது. திரும்ப உள்ளே போகப் புது டிக்கெட்தான் எடுக்க வேண்டும்.

[திரையில்: வழித்தடம் முழுவதும். வடக்கே விம்கோ நகர் பணிமனை, தெற்கே விமான நிலையம்.]

குரல்: நீல வழித்தடம் வடக்கே விம்கோ நகர் பணிமனையில் தொடங்கி விமான நிலையத்தில் முடிகிறது. ஏறத்தாழ 32.65 கிலோமீட்டர், 26 நிலையங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் ஒரு மணி நேரம். இது ஒரே மூச்சில் கட்டப்பட்டதல்ல. 2016 செப்டம்பரில் விமான நிலையம் முதல் சின்னமலை வரை திறந்தார்கள். 2018 மே மாதம் சைதாப்பேட்டையிலிருந்து ஏஜி-டிஎம்எஸ் நிலையம் வரை நீண்டது. 2019 பிப்ரவரி 10 அன்று அங்கிருந்து வண்ணாரப்பேட்டை வரை. 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை.

[திரையில்: அண்ணா சாலையின் குறுக்குவெட்டுப் படம். மேலே பேருந்துகள், கீழே இரட்டைச் சுரங்கம்.]

குரல்: அண்ணா சாலைப் பகுதி ஏன் அவ்வளவு தாமதமானது என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு முக்கியக் காரணம் மண். சென்னையின் நிலத்தடி ஒரே சீராக இல்லை. சில இடத்தில் மணலும் களிமண்ணும், சில இடத்தில் கடும் பாறை, பல இடங்களில் இரண்டும் கலந்து. சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் முகப்புச் சக்கரம் மேல்பாதி மண்ணிலும் கீழ்ப்பாதி பாறையிலும் சுழலும்போது வெட்டுப் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தைச் சரிசெய்து, பற்களை மாற்ற வேண்டும். பாறையை அரைக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் மேலே இருக்கும் தளர்ந்த மண் அளவுக்கு மேல் உள்ளே சரிந்தால், சாலைக்குக் கீழே வெற்றிடம் உண்டாகும். எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய கிணறும் ஆழ்துளைக் குழாயும் இடையில் வந்தால் இன்னும் சிக்கல். இயந்திரத்தின் முன்னால் காக்க வேண்டிய அழுத்தம் அந்த வழியாகக் கசிந்துவிடும்.

2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து மாநகரப் பேருந்தும் காரும் உள்ளே இறங்கியது பலருக்கு நினைவிருக்கும். கீழே மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்தது. உயிரிழப்பு இல்லை. நகரத்தின் முதுகெலும்பான சாலைக்கு அடியில் இப்படிப்பட்ட மண்ணில் வேலை செய்து முடித்ததை உண்மையாகவே பெரிய சாதனை என்றுதான் சொல்ல வேண்டும்.

[திரையில்: சுரங்க நிலையம். கண்ணாடித் தடுப்புக் கதவுகள் திறக்கின்றன.]

குரல்: சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்றதும் ரயில் கதவும் இந்தக் கதவும் சேர்ந்து திறக்கும். தண்டவாளத்தில் யாரும் விழாமல் காப்பது ஒரு பயன். சுரங்கத்தின் வெப்பக் காற்று நிலையத்துக்குள் வராமல் தடுத்துக் குளிர்சாதனச் செலவைக் குறைப்பது இன்னொன்று. எல்லாக் கதவும் முழுதாக மூடியதாகச் செய்தி வந்தால்தான் ரயில் நகரும். மூடும் கதவில் பையையோ கையையோ நுழைத்தால் அது மறுபடி திறந்து மூடும். நெரிசல் நேரத்தில் பின்னால் சில நிமிடத்தில் அடுத்த ரயில் வந்துகொண்டிருக்கும். உங்கள் பத்து விநாடி பின்னால் வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் சேரும். தயவுசெய்து அடுத்த ரயிலுக்குக் காத்திருங்கள்.

நெரிசல் நேரம் காலை 8 முதல் 11, மாலை 5 முதல் 8. அப்போது வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் இடையில் ரயில்கள் நெருக்கமாக ஓடும். சில ரயில்கள் அந்தத் துண்டுக்குள்ளேயே சுற்றி வருவதுதான் காரணம். திருவொற்றியூர் போகிறவர்கள் வண்டியின் முகப்பிலும் நடைமேடைத் திரையிலும் கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏறுங்கள். வண்ணாரப்பேட்டையோடு முடிகிற வண்டியில் ஏறிவிட்டால் பதற வேண்டாம். வெளியே போகாமல் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள்.

[திரையில்: கட்டண அட்டவணை.]

குரல்: 2021 பிப்ரவரியில் குறைக்கப்பட்ட கட்டணம் தூரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் 50. விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு 40 ரூபாய். கைபேசியில் கியூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி, அதாவது 32 ரூபாய். கவுன்டர் வரிசையில் நிற்க எந்தக் காரணமும் இல்லை. கதவு கியூஆரைப் படிக்கவில்லை என்றால் பெரும்பாலும் திரையின் வெளிச்சம் குறைவாக இருக்கும். அதைக் கூட்டிவிட்டுக் காட்டுங்கள். பயண அட்டை வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். நுழையும்போது அட்டை சரியாகப் பதியாமல், முன்னால் போனவருக்குத் திறந்த கதவிலேயே சேர்ந்து நுழைந்திருந்தால், வெளியேறும் கதவு திறக்காது. தாண்டிக் குதிக்காமல் பக்கத்தில் உள்ள வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் போனால் சரிசெய்து தருவார்கள்.

[திரையில்: கிண்டி. நடைமேம்பாலத்தில் ஓடும் கூட்டம்.]

குரல்: புறநகர்க்காரர்களுக்கு இந்த வழித்தடத்தின் மிக முக்கியமான நிலையம் கிண்டி. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமிருந்து மின்சார ரயிலில் வந்து அண்ணா சாலை அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் இங்கே நடைமேம்பாலம் வழியாக மெட்ரோவுக்கு மாறலாம். கோயம்பேடு போகிறவர்கள் கிண்டி வரை வர வேண்டாம். பரங்கிமலையிலேயே பச்சை வழித்தடம் தொடங்குகிறது. சென்ட்ரலுக்குத்தான் போகிறீர்கள் என்றால் மாறவே வேண்டாம், மின்சார ரயிலிலேயே பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும், செலவும் குறைவு.

சென்ட்ரல் மெட்ரோவில் நேரம் ஒதுக்குங்கள். ஆழமான, மிகப் பெரிய நிலையம். நடைமேடையிலிருந்து மேலே வந்து, சரியான வாயிலைத் தேடி, தொலைதூர ரயிலின் பெட்டிவரை நடக்க 20 நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆவடி, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களுக்கு மூர் மார்க்கெட் வளாகப் பக்கம் வெளியேற வேண்டும்.

[திரையில்: விமான நிலைய மெட்ரோ, ஜி.எஸ்.டி. சாலை, எதிரே திரிசூலம்.]

குரல்: தெற்கே வழித்தடம் விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. தென் மாவட்டங்களுக்கான வெளியூர்ப் பேருந்துகளோ 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. இடைவெளியை நிரப்ப 15.46 கிலோமீட்டர், 13 நிலையங்கள் கொண்ட நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. அது வரும்வரை, மெட்ரோவை விட்டு இறங்கிச் சுரங்கப்பாதையில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து திரிசூலம் நிலையத்துக்குப் போங்கள். செங்கல்பட்டு வண்டியில் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். தாம்பரத்தோடு முடிகிற வண்டியில் மட்டும் ஏறிவிடாதீர்கள்.