கொட்டகையும் செட்டிநாட்டின் மரபே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "செட்டிநாட்டின் மரபுச் சின்னம் வீடுகள் மட்டுமா, பழைய திரையரங்குகளுமா?" என்பது தலைப்பு. திரையரங்குகளும்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், பர்மா தேக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சும் கலை, சினிமாக் கொட்டகை வெறும் வியாபாரம் என்றார். ஐயா, அந்தத் தேக்கு எந்தப் பணத்தில் கப்பலேறியது? கடல் கடந்து செய்த லேவாதேவியில் வந்த பணம் அல்லவா? வட்டிக் கணக்கில் எழுந்த மாளிகை மரபு என்றால், டிக்கெட் கணக்கில் எழுந்த கொட்டகையை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறீர்கள்?

2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. எனக்கும் அது பெருமைதான். ஆனால், அந்த வீடுகள் யாருக்காகக் கட்டப்பட்டவை? முகப்பில் ஆண்கள், வளவு எனும் நடுமுற்றத்தில் பங்காளிகள், உள்கட்டுகளில் பெண்கள். கொட்டகையோ டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் கட்டியது. தரை, பெஞ்சு, நாற்காலி என்று அங்கேயும் பிரிவு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைப் போட்டது காசு. கையில் நாலு காசு சேர்ந்த நாளில் தரை டிக்கெட்காரர் நாற்காலியில் போய் உட்காரலாம். பெண்களுக்கெனத் தனி டிக்கெட் வரிசை இருந்தது. அதில் நின்ற ஆச்சிமார் ஒரு மாலை முழுவதும் அடுப்படியை மறந்திருந்தார்கள். அந்த ஒரு மாலைக்காகவே நான் கொட்டகையின் பக்கம் நிற்பேன்.

சினிமாவுக்கும் இந்த மண்ணுக்கும் என்ன உறவு என்றும் கேட்டார்கள். காரைக்குடியில் இசைத்தட்டு விற்ற கடையிலிருந்து புறப்பட்டவர் ஏவி.எம். ஸ்டுடியோவின் ஏவி. மெய்யப்பன். உலகப் போர்க்காலத்தில் சென்னையை விட்டு இங்கே வந்து ஸ்டுடியோ அமைத்தார். இங்கே உருவான 'நாம் இருவர்' 1947 தொடக்கத்தில், சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, பாரதியின் விடுதலைப் பாடல்களோடு திரைக்கு வந்தது. 1948இல் ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. கவிஞர் கண்ணதாசனும் அருகில் உள்ள சிறுகூடல்பட்டியில் பிறந்தவர்தாம். இன்னும் என்ன உறவு வேண்டும்?

கைத்திறன் பற்றி நண்பர் நிறையப் பேசினார். படம் ஓட்டும் ஆபரேட்டர் அறையை ஏன் விட்டுவிட்டார்? புரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் எரியும்; அந்த வெளிச்சத்தில்தான் திரையில் படம் தெரியும். குச்சி கரையக் கரைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். தவறினால் திரை மங்கிவிடும். 1000 அடிச் சுருள் சுமார் 11 நிமிடத்தில் தீர்ந்துபோகும். திரையின் மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும்போது அடுத்த சுருள் மாட்டிய பக்கத்துப் புரொஜெக்டரை ஓட்டி, மறு புள்ளியில் படத்தை மாற்ற வேண்டும். கதை அறுபடாமல் நாம் அழுததும் சிரித்ததும் அந்த வெக்கையில் நின்ற மனிதரின் கைத்திறனால்தான்.

தொலைக்காட்சி வந்தது, கேபிள் வந்தது, டிஜிட்டல் வந்தது, பல கொட்டகைகள் மூடப்பட்டன. எல்லாவற்றையும் மீண்டும் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இடிக்கும் முன் ஒவ்வொன்றையும் அளந்து வரைபடம் எடுங்கள், படம் பிடியுங்கள். புரொஜெக்டரை எடைக்குப் போடாதீர்கள். வேலை பார்த்த ஆபரேட்டர்களையும் டிக்கெட் கிழித்தவர்களையும் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். வீடு பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு இடிபடாமல் நிற்கும் ஒரு கொட்டகையையாவது காட்டுங்கள். நடுவர் அவர்கள் இதையும் தம் தீர்ப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி.